எடை இல்லாத இடத்தில் எலும்பைக் காப்பது எப்படி?

உடம்பு தன்னிடம் கேட்கப்படும் வேலைக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளும். கேட்காததைக் கரைத்துவிடும். இந்த விதியில் விண்வெளிக்குப் போகிறவரின் தொடை எலும்புக்கும், வெள்ளவத்தை மாடிவீட்டில் இடுப்பு முறிந்து படுத்திருக்கும் ஓர் அம்மாவின் தொடை எலும்புக்கும் வேறுபாடு கிடையாது.

நான் பிசியோதெரபிஸ்ட். கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் தொழில். அண்மையில் பாடசாலையொன்றின் விஞ்ஞான மன்றப் பிள்ளைகள் செவ்வாய்ப் பயணம் பற்றிய கண்காட்சிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். விண்வெளி வீரர் ஒருவரை ஆறேழு மாதங்களுக்கு ஆரோக்கியமாக வைத்திருக்கும் திட்டத்தை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். நோயாளியைப் படுக்கையில் வைத்துப் பார்க்கும் வீடுகளுக்கும் இதில் நிறைய எடுத்துக்கொள்ள இருக்கிறது.

எது கரைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. வானம் தெளிந்த மாலைகளில் அது நம் நகருக்கு மேலாகக் கடந்தால் காலி முகத்திடலில் நின்றே பார்க்கலாம். மின்னி மறையாத வெள்ளை ஒளியாக, சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். அங்கே ஈர்ப்பே இல்லை என்று பிள்ளைகள் எழுதி வந்திருந்தார்கள். முதல் வேலையாக அதைத் திருத்தச் சொன்னேன். பூமியின் ஈர்ப்பில் சுமார் 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுவதால் எடை உணரப்படுவதில்லை, அவ்வளவுதான்.

எடை இல்லையென்றால் நிற்பதற்கு உழைக்க வேண்டியதில்லை. ஆகவே நிற்பதற்கென்றே இருக்கும் தசைகள்தான் முதலில் மெலியும்: கெண்டைக்கால், தொடையின் முன்பக்கம், பிட்டம், முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள். கைகளுக்கு அவ்வளவு பாதிப்பு வராது, அங்கே நடமாட்டமே கைகளால்தானே. எலும்பிலும் இதே கதைதான். போதிய பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையும். மாதவிடாய் நின்ற பெண்ணொருவர் ஒரு வருடத்தில் இழக்கக்கூடிய அளவு இது.

1970 ஜூன் மாதம் சோயுஸ் 9 கலத்தில் நிக்கலாயேவும் செவஸ்தியானோவும் ஏறத்தாழ 18 நாட்கள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். நெருக்கமான அந்தக் கலத்தில் உடற்பயிற்சிக்கு வசதி குறைவு. தரையிறங்கிய பிறகு எழுந்து நிற்கவே அவர்கள் சிரமப்பட்டார்கள். பயிற்சி இல்லாத நீண்ட பயணம் இல்லை என்ற முடிவுக்குச் சோவியத் வைத்தியர்களைத் தள்ளியது அந்த அனுபவம்தான்.

இதற்கு விண்வெளிக்குத்தான் போக வேண்டுமென்றில்லை. 1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று கிழமை கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒக்சிசனை உள்வாங்கி உழைக்கும் ஆற்றல் கால்வாசிக்கு மேல் சரிந்தது. முப்பது வருடங்களுக்குப் பிறகு அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது வருட முதுமை செய்ததைவிட அந்த மூன்று கிழமைப் படுக்கை அதிகம் கெடுத்திருந்தது தெரிந்தது. "அம்மாவுக்கு நல்ல ஓய்வு கொடுக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லும் மகன்மாருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

புறப்படுவதற்கு முன் அளந்து வையுங்கள்

திட்டத்தின் முதல் பக்கம் அளவீடுகளுக்கு உரியது. எலும்பின் அடர்த்தி, கால் தசையின் வலிமை, உச்ச உழைப்பில் ஒக்சிசன் பாவனை, சமநிலை, கண்ணின் உட்படம், இரத்தம், சிறுநீர். போகும்போது எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் வரும்போது எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடியாது.

அடுத்தது, வலிமையைக் கூட்டிவிட்டு ஏற்றுவது. முழங்கால் மாற்று சத்திரசிகிச்சைக்குத் திகதி வாங்கியவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்ததும் என்னைக் கூப்பிடுவதைவிட, அதற்கு ஆறு கிழமை முன்னதாகக் கூப்பிடுங்கள். தொடைத் தசை பலமாக உள்ளே போனால் வெளியே வருவது சுலபம்.

ஏவுவதற்கு முன் சுமார் இரண்டு கிழமை தனிமைப்படுத்தலும் உண்டு. அப்பலோ 13 இல் போகவிருந்த கென் மற்றிங்லி, ஜேர்மன் சின்னமுத்து நோயாளி ஒருவரோடு பழக நேர்ந்ததால், புறப்பட மூன்று நாள் இருக்கையில் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்கு அந்த நோய் வரவே இல்லை. ஆனாலும் அது சரியான முடிவு என்றே நான் சொல்வேன். வைத்தியசாலை இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் விடயத்தில் சந்தேகத்தின் பலன் நோய்க்குத்தான் போக வேண்டும்.

சுமை கொடுங்கள்: திட்டத்தின் நடு எலும்பு இதுதான்

விண்வெளி நிலையத்தில் பயிற்சிக்காக நாளுக்கு இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குகிறார்கள். கருவியைப் பொருத்துவது, கழற்றுவது, உடம்பைத் துடைப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். கிழமைக்கு ஆறு நாள்.

அதில் முக்கியமானது எதிர்ப்புப் பயிற்சி. இரும்புக் குண்டுகள் அங்கே எடையற்றவை, தூக்கிப் பயனில்லை. ஆகவே 2008 இல் அனுப்பப்பட்ட கருவியில் காற்று நீக்கிய இரண்டு உருளைகள் இருக்கின்றன. உருளைக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கு எதிராகத் தண்டை இழுக்கும்போது சுமை கிடைக்கிறது. ஆகக்கூடியது 272 கிலோகிராமுக்குச் சமமான சுமை. இவ்வளவு எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. 70 கிலோ எடையுள்ள ஒருவர் பூமியில் வெறுங்கையோடு குந்தி எழுந்தாலே தன் உடம்பின் பெரும் பகுதியைத் தூக்குகிறார். அங்கே அந்தப் பகுதி பூச்சியம். எனவே முதலில் உடம்பின் எடையைக் கருவி ஈடுசெய்ய வேண்டும். பயிற்சியின் சுமை அதற்கு மேல்தான் தொடங்குகிறது. இதற்கு முன்னிருந்த கருவி சுமார் 136 கிலோவோடு நின்றுவிட்டது. அதில் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களும் எலும்பை இழந்தே திரும்பினார்கள். புதிய கருவி வந்த பிறகு, போதுமான உணவும் விற்றமின் டியும் சேர்ந்தபோது, எலும்பின் அடர்த்தி பெருமளவு காக்கப்பட்டது.

திட்டத்தில் எழுத வேண்டிய அசைவுகள் மூன்று: குந்தி எழுதல், தரையிலிருந்து தூக்குதல், குதிகாலை உயர்த்துதல். மூன்றாவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் தசைதான் நம்மை நாள் முழுக்க நிற்க வைக்கிறது. வேலை இல்லாமல் போனதும் மிக விரைவில் சுருங்குவதும் அதுதான்.

வீட்டில் இதற்குக் கருவி தேவையில்லை. ஒரு கதிரை போதும், ஆனால் கைபிடி உள்ள, சில்லு இல்லாத, சுவரோடு ஒட்டி வைத்த கதிரை. காலை ஊன்றலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். நோயாளியைக் கதிரையின் முன்விளிம்புவரை நகர்ந்து இருக்கச் சொல்லுங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயச் சொல்லுங்கள். சாயாமல் எழ முயல்வதால்தான் பாதிப் பேர் பின்னால் விழுகிறார்கள். எழுவதற்கு இரண்டு எண்ணிக்கை, இருப்பதற்கு நான்கு. மெதுவாக இறங்குவதில்தான் தசைக்கு அதிக வேலை. "தொப்"பென்று விழுந்தால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கைபிடியைப் பிடிக்காமல் பத்துத் தடவை எழ முடிந்ததும் சுமையைக் கூட்ட வேண்டும். கதிரையில் இருக்கும் தலையணையை எடுத்துவிட்டால் அதுவே சுமை. கூட்டாமல் மாதக்கணக்கில் அதே பத்தைச் செய்துகொண்டிருந்தால் எலும்புக்குப் புதிதாக ஒன்றும் கேட்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இதைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "பிள்ளை, இன்றைக்கு ஒரு நாள் விட்டால் என்ன?"

"அம்மா, மேலே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும் கிழமையில் ஒரு நாள்தான் விடுமுறை. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய்."

அவர் எழுந்தார். ஆசிரியைகளிடம் அட்டவணையைக் காட்டினால் போதும்.

ஓடவும் மிதிக்கவும் வையுங்கள்

ஓடுபொறியில் ஓடும் வீரரைத் தோளிலும் இடுப்பிலும் வார் பூட்டி, இழுபட்டிகளால் கீழே பிடித்து வைக்கிறார்கள். இல்லாவிட்டால் முதல் எட்டிலேயே மிதந்து போய்விடுவார். புத்தகம் நிரம்பிய பாடசாலைப் பை தோளை அறுப்பதுபோல அந்த வார் அறுக்கும். அதனால் முழு உடல் எடைக்கும் இழுக்காமல் பெரும்பாலும் 70, 80 சதவீதத்தில் ஓடுகிறார்கள். ஒவ்வொரு எட்டும் நிலையத்தையே அதிர வைக்கக்கூடும் என்பதால் பொறி அதிர்வைத் தாங்கும் அமைப்பின் மேல் நிற்கிறது. சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரலில் பொஸ்டன் மரதனை இப்படி மேலிருந்தே சுமார் நான்கரை மணித்தியாலத்தில் ஓடி முடித்தார். அந்தத் தோள்களின் பாட்டை நினைத்து நான் வியந்ததுண்டு.

மிதிசைக்கிளுக்கு ஆசனம் இல்லை. உட்கார எடையில்லாதவருக்கு ஆசனம் எதற்கு? சப்பாத்து மிதியில் பூட்டப்பட்டால் போதும். வியர்வை வழியாது, தோலிலேயே திரளாக ஒட்டிக்கொண்டு நிற்கும். துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த ஈரமும் காற்றிலிருந்து மீட்கப்பட்டுக் குடிநீராகிறது.

இதயத்துக்கு நீண்ட நேர மிதமான ஓட்டத்தைவிட, குறுகிய கடும் ஓட்டங்களை இடைவெளி விட்டுச் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும். திட்டத்தில் இரண்டையும் கலந்து போடுங்கள்.

மேலேறும் நீரையும் கண்ணையும் கழுத்தையும் கவனியுங்கள்

பூமியில் காலை நோக்கி இழுபடும் நீர் அங்கே நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறுகிறது. முகம் உப்பும், கால் மெலியும், மூக்கு அடைக்கும். முதல் இரண்டு மூன்று நாட்களில் பலருக்கு வாந்தியும் வரும். அந்த நாட்களில் கடும் பயிற்சி வேண்டாம். முதுகெலும்பு நீண்டு சில சென்றிமீற்றர் உயரம் கூடுவதால் முதுகு வலிக்கும். முழங்காலை நெஞ்சோடு அணைத்துச் சுருண்டால் வலி தணியும்.

நீண்ட நாள் தங்குவோரில் சிலருக்குக் கண் நரம்பின் தலைப்பகுதி வீங்குகிறது, கண்கோளத்தின் பின்புறம் தட்டையாகிறது, கிட்டவுள்ள எழுத்து மங்குகிறது. ஆகவே திட்டத்தில் கண் பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். கண்ணாடியையும் மேலதிகமாக அனுப்புங்கள்.

கழுத்து நாளத்தையும் விட்டுவிடாதீர்கள். விண்வெளி நிலையத்தில் பதினொரு பேரின் கழுத்தை அல்ட்ராசவுண்டால் பார்த்த ஆய்வொன்றில், சிலருக்கு இரத்தம் தேங்கியோ எதிர்த்திசையிலோ ஓடியது. ஒருவருக்கு நாளத்தை அடைத்த இரத்தக்கட்டி இருந்தது. 2019 இல் வெளிவந்த செய்தி இது. பூமியிலிருந்த வைத்தியர்கள் சொல்லச் சொல்ல, கையிருப்பில் இருந்த ஊசிமருந்தை அளந்து போட்டுச் சமாளித்தார்கள். பின்னர் சரக்குக் கலத்தில் மாத்திரை போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்குப் போகிற வழியில் சரக்குக் கலம் வராது. மருந்துப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இங்கேதான் தீர்மானிக்க வேண்டும்.

படுக்கையில் இருப்பவருக்குக் கட்டி பெரும்பாலும் கெண்டைக்காலில் உருவாகும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கணுக்காலை மேலும் கீழும் இருபது முப்பது தடவை அசைக்கச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தைலம் போட்டு உருவாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

கரையும் எலும்பின் கல்சியம் சிறுநீரில் போய்ச் சிறுநீரகக் கல்லாகலாம். அதற்கு எதிரான முதல் மருந்து தண்ணீர். இரண்டாவது, உப்பைக் குறைப்பது. உப்பு கூடக்கூடக் கல்சியமும் சிறுநீரில் கூடப் போகும். நாசா தன் உணவுப் பொதிகளைத் திருத்தி, நாளுக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல் இருந்த சோடியத்தை 3,000 அளவுக்கு இறக்கியது. நம் வீடுகளில் கருவாடும் அச்சாறும் கட்டைச்சம்பலும் ஒரே தட்டில் சேரும் நாளில் உப்பு எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். படுக்கையில் இருப்பவருக்கு இடியப்பமும் சொதியும் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் அவித்த முட்டையோ பருப்போ மீனோ கட்டாயம் இருக்கட்டும். வெறும் மாச்சத்திலிருந்து தசை வளராது. இதயநோய், சிறுநீரகநோய் உள்ளவர்களுக்குத் தண்ணீரின் அளவை வைத்தியரே சொல்ல வேண்டும்.

விண்கலத்தில் தோலில் வெயில் படாது. அதனால் நாளுக்கு 800 அலகு விற்றமின் டி கொடுக்கிறார்கள். கொழும்பில் இவ்வளவு வெயில் அடித்தும் மாடிவீட்டுக் கட்டிலுக்கு அது எட்டுவதில்லை. இரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பார்ப்பது நல்லது.

பசி குறைவதையும் கண்காணியுங்கள். மூக்கடைப்பால் ருசி மங்கும். அதனால்தான் விண்வெளி நிலையத்தில் உறைப்புச் சோஸுக்கு அத்தனை கிராக்கி. எரிசக்தி குறைந்தால் உடம்பு தசையை எரிக்கும், அப்போது செய்த பயிற்சியெல்லாம் வீண்.

எலும்புத் தேய்வுக்கு இங்கே கொடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையை நாசாவும் ஜப்பானிய விண்வெளி நிறுவனமும் சேர்ந்து வீரர்களிடம் பரீட்சித்தன. பயிற்சியோடு அதையும் எடுத்தவர்களின் எலும்பு நன்றாகக் காக்கப்பட்டது. வீட்டில் அதைக் கொடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: காலையில் வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீரோடு கொடுத்து, அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருக்க வையுங்கள். படுத்தபடி விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும்.

நித்திரையும் மனமும்

நாளுக்கு பதினாறு சூரியோதயம் காணும் உடம்புக்கு இரவு எது என்று தெரியாது. படுக்கைக்கு முன் மங்கிய மஞ்சள் ஒளி, எழுந்ததும் நீலம் கலந்த வெள்ளை ஒளி. விளக்குகளை இப்படி மாற்றுகிறார்கள். குடும்பத்தோடு பேசும் நேரத்தையும், வைத்தியரோடு தனியே பேசும் நேரத்தையும் அட்டவணையில் எழுதுங்கள். மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மிச்ச நேரமே இராது.

கதிர்வீச்சுக்குப் பயிற்சி மருந்தல்ல. நாசா தன் வீரர் ஒருவருக்குத் தொழில்வாழ்க்கை முழுவதற்கும் வைத்திருக்கும் எல்லை 600 மில்லிசீவேர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). செவ்வாய்க்குப் போய்வரும் வழிப் பயணத்திலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம் என்று கியூரியோசிட்டி ஊர்தி போகிற வழியில் எடுத்த அளவீடுகள் காட்டின. இதற்கான விடை கலத்தின் சுவரிலும் பயண வேகத்திலும் இருக்கிறது. உங்கள் மன்றத்தின் பௌதிகப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

திரும்பி வருவதற்கும் திட்டம் எழுதுங்கள்

2025 மார்ச்சில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 286 நாட்களுக்குப் பிறகு இறங்கியபோது அவர்களைப் படுக்கையில் வைத்துக் கொண்டுபோனதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பலர் பதறினார்கள். அது வழக்கமான நடைமுறை. திடீரென்று நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும். உள்காதின் சமநிலை உறுப்பும் எடையை மறந்திருக்கும். இறங்குவதற்குச் சற்று முன் உப்பும் நீரும் குடிப்பதும், காலை இறுக்கும் உடை அணிவதும் இதற்காகத்தான். அதன்பின் 45 நாட்கள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் மறுபயிற்சி. தசை விரைவில் திரும்பும். எலும்பு மெதுவாகத்தான் வரும். 2022 இல் வெளிவந்த ஆய்வொன்றில் பதினேழு பேரில் ஒன்பது பேரின் கால் எலும்பு ஒரு வருடம் கழித்தும் முழுதாகத் தேறவில்லை. எனவே திட்டத்தை 45 நாளோடு முடிக்காதீர்கள்.

நோயாளியை முதல் தடவை எழுப்பும்போதும் இதே ஒழுங்கு: முதலில் கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். பிறகு காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் இருக்கட்டும். கணுக்காலை அசைக்கட்டும். முகம் வெளிறவில்லை, தலை சுற்றவில்லை என்றால் மட்டும் எழுப்புங்கள். அப்போதும் கதிரை பின்னால் இருக்க வேண்டும்.

ரஷ்ய விண்வெளி வீரர் வலேரி பொல்யகோவ் 1995 மார்ச்சில் 437 நாட்களுக்குப் பிறகு தரையிறங்கியபோது, கலத்திலிருந்து பக்கத்துக் கதிரை வரை தானே நடந்தார். அவர் ஒரு வைத்தியர். செவ்வாயில் இறங்கும் மனிதனால் வேலை செய்ய முடியும் என்று காட்டவே அப்படி நடந்தார். செவ்வாயில் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம். தூக்க ஆள் இராது. ஆகவே பிள்ளைகளே, பயணத்தின் கடைசி மாதத்தில் சமநிலைப் பயிற்சியைக் கூட்டுங்கள். தரையிறங்கிய முதல் சில நாட்களுக்கு வெளியே போகும் வேலை எதையும் அட்டவணையில் வைக்காதீர்கள். தனியாக நின்று கண்ணை மூடி நிலைக்க முடிகிறதா என்று ஒருவரை ஒருவர் சோதிக்கும் ஒரு படிவத்தைத் தயாரித்து, எத்தனை வினாடி நின்றால் விண்வெளி உடை அணிய அனுமதி என்பதை இப்போதே எழுதி வையுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அதைத் தீர்மானிக்க ஆர்வம் விடாது.